நாலாவது இன்னிங்ஸில் மழை

பேஸ்பால் மைதானத்தில் உட்கார்ந்துகொண்டு, மழை கொட்ட வேண்டும் என்று வேண்டிக்கொண்ட ஒரே ஆள் என் மனைவி டெனிஸாகத்தான் இருக்கும்.

ஜூன் மாதத்துச் செவ்வாய்க்கிழமை மாலை. நாலாவது இன்னிங்ஸ். எங்கள் பக்கம் இரண்டு பேர் அவுட்; இன்னொருவர் அவுட்டானால் இன்னிங்ஸ் முடியும். எங்கள் ஆள் வில்மர் பந்தை அடித்துவிட்டு இரண்டாம் தளம் வரை ஓடிவந்து, அங்கே முழங்கால்களில் கையை ஊன்றிக்கொண்டு, ஓடத் தயாராக நின்றான். அப்போது முதல் துளிகள் விழுந்தன. சுற்றியிருந்த குடும்பங்கள் போர்வைகளையும் பிள்ளைகளையும் வாரிக்கொண்டு கூரைக்கடியில் ஓடின. டெனிஸ் அசையவில்லை. முடி கொட்டிப்போன தலையில் கெளுத்திமீன் படம் போட்ட தொப்பி. அதைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு அண்ணாந்து பார்த்தாள்.

"பெய், பெய். இன்னும் கொஞ்சம் சாத்து."

"அம்மா, நனையுற" என்றாள் கோரா. எங்கள் மகள், பன்னிரண்டு வயது. அம்மாவுக்கு மூச்சிரைக்கிறதா, அம்மா தட்டில் எவ்வளவு மிச்சம் வைத்தாள் என்று பார்த்துக்கொண்டிருப்பதே அந்த வருடம் முழுக்க அவளுக்கு வேலையாக இருந்தது.

"நனைஞ்சா காஞ்சிடும்டி. அஞ்சாவது இன்னிங்ஸ் முடிஞ்சா காயாது, போனது போனதுதான்."

ஐந்து இன்னிங்ஸ் முடிந்தால்தான் ஆட்டம் கணக்கில் சேரும். அதற்கு முன் மழை நிறுத்திவிட்டால் கையிலிருக்கும் டிக்கெட் செத்துப்போகாது. அதையே காட்டி அந்தக் கோடைக்குள் இன்னொரு நாள் வரலாம். பாதி மாலையைப் பார்த்துவிட்டு முழு மாலை ஒன்றைத் திரும்ப வாங்கிக்கொள்வதை விடப் பெரிய வெற்றி டெனிஸுக்குக் கிடையாது. எங்கள் குழு ஜெயித்த ஆட்டங்கள் அவளுக்கு நினைவிருக்காது. மழையால் நின்றுபோன ஆட்டங்கள் ஒவ்வொன்றும் நினைவிருக்கும்.

எங்கள் குழுவுக்குக் கெளுத்திகள் என்று பெயர். ஊருக்குக் கால்வாய் உண்டு, கால்வாயில் கெளுத்தி உண்டு என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை. சிகாகோவிலிருந்து ரயிலில் தென்மேற்கே வந்தால் கடைசி நிறுத்தத்துக்கு முந்தைய ஊர் நாங்கள். பெரிய குழுக்களுக்குப் போகத் துடிக்கும் பையன்களும், போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தவர்களும் இங்கே ஆடுவார்கள். நகரத்துப் பெரிய மைதானத்தில் காரை நிறுத்துவதற்குக் கொடுக்கும் காசில் இங்கே நாங்கள் நாலு பேரும் ஆட்டம் பார்த்து, சாப்பிட்டு, ஒரு ஐஸ்கிரீமும் வாங்கிவிடலாம். அதிலும் டெனிஸ் கார் நிறுத்தக் காசு கொடுத்ததே இல்லை. மைதானத்துக்கு இரண்டு தெரு தள்ளி ஈமச்சடங்கு இல்லம் ஒன்று உண்டு. மாலையில் அங்கே யாரையும் அடக்கம் செய்வதில்லை, அவர்கள் கார் நிறுத்தும் இடம் சும்மாதானே கிடக்கிறது என்பாள். ஏழு வருடமாக அங்கேதான் நிறுத்தினோம்.

ஐஸ்கிரீமை அங்கே கைப்பிடி அளவு பிளாஸ்டிக் ஹெல்மெட்டில் போட்டுத் தருவார்கள். ஒன்று வாங்கி நாலு கரண்டி. ஹெல்மெட்டைக் கழுவி வீட்டுக்குக் கொண்டுவருவாள். எங்கள் அலமாரியில் கிண்ணங்களை விட ஹெல்மெட்டுகள் அதிகம். மருந்து ஏற்றிய பிறகு வந்த நாட்களில் கோழி ரசத்தை அதில் ஊற்றித்தான் குடித்தாள். மற்ற கிண்ணங்களில் குடித்தால் ஆஸ்பத்திரி வாசனை வருகிறது என்று சொன்னாள்.

மழை நிற்கவில்லை. ஆட்கள் ஓடிவந்து தார்ப்பாயை இழுத்து மூடினார்கள். நெடுநேரம் கழித்து நடுவர் குடையோடு வந்து, தார்ப்பாயின் மேல் நின்று, கையை விரித்துக் காட்டிவிட்டுப் போனார். ஆட்டம் நிறுத்தப்படுகிறது, எதிரணி இண்டியானாக்காரர்கள் மறுபடி நம் ஊருக்கு வரும்போது இதே இடத்திலிருந்து தொடரும், டிக்கெட்டைப் பத்திரமாக வைத்திருங்கள் என்று ஒலிபெருக்கி சொன்னது. டெனிஸ் எழுந்து நின்று கைதட்டினாள். அந்தக் கூட்டத்தில் அவள் ஒருத்திதான் கைதட்டினாள்.

"ஜெயிச்சது நாமதான்."

காரில் ஹீட்டரைப் போட்டேன். ஜூனிலும் அவளுக்குக் குளிர்ந்தது. பின்னிருக்கையில் ஏழு வயது டெடி தூங்கிவிட்டான். கோரா காதில் பாட்டை மாட்டிக்கொண்டு கண்ணாடியில் நெற்றியை வைத்திருந்தாள்.

"ரே."

"ம்."

"மிச்ச ஆட்டத்துக்கு நான் இல்லன்னாலும் என் டிக்கெட்ட வீணாக்கிடாத."

"சும்மா இரு."

"சும்மாதான் இருக்கேன். நாலு டிக்கெட்டு, நாலு பேரு. காலியா விட்டியோ, நான் பேயா வருவேன்."

கண்ணாடி துடைக்கும் தகடு போய்ப் போய் வந்துகொண்டிருந்தது. ஈரமான தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, வீடு வரும்வரை அவள் அதைப் பிழிந்துகொண்டே இருந்தாள்.

ஜூலையில் ஒரு வெள்ளிக்கிழமை போய்விட்டாள். அந்த ஈமச்சடங்கு இல்லத்தில்தான் எல்லாம் நடந்தது. எங்கள் காரை நான் வழக்கமாக நிறுத்தும் மூலையிலேயே நிறுத்தியிருந்தேன். இறங்கும்போது, "நம்ம இடம் காலியா இருந்துச்சு" என்று டெடி சொன்னான். யாரிடம் சொன்னான் என்று தெரியவில்லை.

அதற்குப் பிறகான வாரங்களைப் பற்றி எழுத அதிகம் இல்லை. நான் அச்சகத்தில் பிழை திருத்துகிறவன். மளிகைக்கடைகளின் வார விளம்பரத் தாள்கள், தேவாலயச் செய்தித்தாள்கள். வேலைக்குப் போனேன். 'பீச்' பழத்தின் விலையைப் படித்தேன், மறுபடி படித்தேன். வீட்டுக்கு வந்து பாத்திரம் கழுவினேன். இரவுச் சாப்பாட்டை அநேகமாக டெனிஸின் அண்ணன் மிக் கொண்டுவருவான். கூரை வேய்கிறவன், கல்யாணம் ஆகாதவன், வாய் ஓயாதவன். அவன் வாய் ஓயாமல் இருந்தது அந்த வாரங்களில் எங்களுக்கு உதவியாக இருந்தது.

நின்றுபோன ஆட்டம் ஆகஸ்டில் ஒரு ஞாயிறு மதியம் தொடரும், அது முடிந்ததும் அதே டிக்கெட்டுக்கு இன்னொரு ஆட்டமும் உண்டு என்று அறிவிப்பு வந்தது. கோராதான் பார்த்தாள். அன்று மாலை நான் துணி மடித்துக்கொண்டிருந்தபோது எதிரில் வந்து நின்றாள்.

"நாம போறோமாப்பா?"

"போலாம்."

"அந்த ஆட்டத்துல அம்மா இருந்தா. அது இன்னும் முடியல."

"ம்."

"அது முடியுற வரைக்கும் அம்மா சீட்ல யாரும் உக்காரக் கூடாது. சத்தியம் பண்ணு."

காரில் டெனிஸ் சொன்னது நாக்கு வரைக்கும் வந்தது. கோராவின் முகத்தைப் பார்த்தேன். அடக்கம் நடந்த நாளிலிருந்து அவள் எதையும் கேட்கவில்லை; சாப்பாடு கேட்கவில்லை, பள்ளிக்குப் புதுச் செருப்பு கேட்கவில்லை. இதுதான் முதலாவது. சத்தியம் பண்ணினேன். ஒரு பக்கம் இறந்தவள் சொன்னது, மறுபக்கம் இருப்பவள் கேட்டது. இரண்டையும் காப்பாற்ற முடியாது என்று தெரிந்தேதான் பண்ணினேன். யோசிக்கத் தெம்பில்லை.

மிக்குக்கு விஷயம் தெரியாது. சனிக்கிழமை பொரித்த மீனோடு வந்தவன் சமையலறையில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு ஆரம்பித்தான்.

"நாளைக்கு நானும் வரேன் மாப்ள. அதான் நாலு டிக்கெட் இருக்கே."

கோரா வாசலில் நின்றாள். "நாலாவது அம்மாவோடது."

"தெரியும்டி கண்ணு. அதான் அம்மாவோட அண்ணன் வரேன்."

"நீ அதுல உக்காரக் கூடாது மாமா."

"பின்ன, நின்னுக்கிட்டே பாக்கவா?"

"எப்படியோ பாரு. அந்த சீட்ல யாரும் உக்காரக் கூடாது. அப்பா சத்தியம் பண்ணிருக்காரு."

மிக் என்னைப் பார்த்தான். நான் பாத்திரத்தைப் பார்த்தேன்.

"என்ன மாப்ள இது? ஓசி டிக்கெட்ட காலியா விட்டா என் தங்கச்சி குழியிலேர்ந்து எந்திரிச்சு வந்து நம்மள அறைவா."

"வரட்டுமே" என்றாள் கோரா.

மிக் மீன் பொட்டலத்தை அவிழ்க்கத் தொடங்கினான். அவிழ்த்து முடிக்க அவனுக்கு நெடுநேரம் ஆயிற்று.

ஞாயிற்றுக்கிழமை அவன்தான் எங்களைக் கூட்டிப்போனான். மைதானத்தை நெருங்கியபோது வேகத்தைக் குறைத்து, என் பக்கம் சாய்ந்து, "எங்க நிறுத்த?" என்று மெதுவாகக் கேட்டான்.

"அங்கதான்" என்று பின்னாலிருந்து டெடி சொன்னான்.

அங்கேயே நிறுத்தினோம். யாரும் அந்தக் கட்டடத்தைப் பார்க்கவில்லை. மிக் சட்டையைத் தூக்கி, வயிற்றோடு கட்டியிருந்த பொட்டலத்தைச் சரிசெய்தான். அக்ரூட் வைத்துச் சுருட்டிய ரொட்டி, அவர்கள் வீட்டு ஸ்லோவேனியப் பலகாரம். வெளிச் சாப்பாட்டை மைதானத்துக்குள் விடமாட்டார்கள். டெனிஸ் அதை உட்காரும் மெத்தையின் உறைக்குள் வைத்துக் கடத்துவாள்.

"தொப்பை மாதிரி தெரியுதா?"

"தொப்பைக்கு மேல தொப்பை மாதிரி தெரியுது" என்றான் டெடி.

வாசலில் நின்ற பெண் எங்களை வருடக்கணக்காகப் பார்த்தவள். ஈரத்தில் கசங்கிக் காய்ந்த நாலு டிக்கெட்டை வாங்கினாள். எண்ணினாள். எங்களை எண்ணினாள்.

"மூணு பேர்தானே இருக்கீங்க. பின்னாடி வர்றவரு?"

"எனக்குப் புல்லு டிக்கெட்டும்மா" என்று மிக் தன்னுடையதைக் காட்டினான். மைதானத்தின் இடது எல்லைக் கோட்டுக்கு அப்பால் புல்மேடு ஒன்று உண்டு. போர்வை விரித்து உட்காரலாம், இருப்பதிலேயே மலிவு. "முழு சீட்டு ஒண்ணு சும்மா கெடக்கு, நான் புல்லு மேயப் போறேன்."

"அப்ப நாலாவத வச்சுக்குங்க, அவங்க வந்ததும் கிழிச்சுத் தரேன். அம்மா கார் நிறுத்திட்டு வர்றாங்களா?"

நான் வாயைத் திறப்பதற்குள் கோரா, "இப்பவே கிழிங்க" என்றாள். அந்தப் பெண் அவள் முகத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், வேறொன்றும் கேட்காமல் நாலையும் கிழித்தாள்.

எங்கள் வரிசையில் நடைபாதை ஓரத்து இருக்கை எப்போதும் டெனிஸுடையது. அடுத்தது கோரா, பிறகு டெடி, கடைசியில் நான். கோரா அம்மாவின் மெத்தையை அந்த இருக்கையில் வைத்தாள். நேராக வைத்தாள், மறுபடி நேராக்கினாள். கூட்டம் நிறைய. ஆகஸ்ட் வெயிலில் எங்கள் பகுதி மட்டும்தான் நிழல். வெயில் பக்கத்திலிருந்த ஆட்கள் எங்கள் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் காலி இருக்கை பல் விழுந்த இடம்போலத் தெரிந்தது.

என் கைபேசி அதிர்ந்தது. எதிர்ப்புறப் புல்மேட்டில் ஒரு சிவப்புத் துண்டு ஆடியது.

"மாப்ள, அந்த சீட்டு இங்கேர்ந்தே என்னைப் பாத்து அழுவுது."

"பேசாம ஆட்டத்தப் பாரு மச்சான்."

"இங்க ஒரு நாய் என் ரொட்டிய மோந்து பாக்குது. இதுதான் எனக்குக் கெடச்ச பக்கத்து சீட்டு."

ஒலிபெருக்கி தொடங்கியது. நாலாவது இன்னிங்ஸ், இரண்டு அவுட், இரண்டாம் தளத்தில் ஓட்டக்காரர். ஆனால் வில்மர் ஊரில் இல்லை. ஜூலையில் அவனைக் குழுவிலிருந்து அனுப்பிவிட்டார்கள். பென்சில்வேனியாவில் ஏதோ குழுவுக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். எங்கள் தெருவுக்குப் பின்தெருவில் ஒரு குடும்பத்தோடு தங்கியிருந்த பையன். அவர்கள் வீட்டுப் புல்லை வெட்டிவிட்டு, பக்கத்து வீட்டுப் புல்லையும் கேட்காமலே வெட்டிவிடுவான். டெனிஸுக்கு அவனை ரொம்பப் பிடிக்கும்.

"வில்மருக்குப் பதிலாக, கீர்ன்ஸ்" என்றது ஒலிபெருக்கி.

சிவந்த தலைமுடியோடு ஒரு நெட்டைப் பையன் வெளியே வந்தான். மட்டையைத் தொடவில்லை, பந்தைச் சந்திக்கவில்லை. நேராக நடந்துபோய் இரண்டாம் தளத்தில் ஏறி நின்றுகொண்டான். முழங்கால்களில் கையை ஊன்றினான்.

"அவன் எப்படிப்பா அங்க போய் நிக்கலாம்?" என்றாள் கோரா. "அடிச்சது வில்மர்."

"விதி அப்படித்தான்மா. ஆள் இல்லன்னா இன்னொருத்தர் நிக்கணும். தளத்தக் காலியா விட முடியாது."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று உறைத்தது. அவள் என் பக்கம் திரும்பவில்லை.

எறிபவன் எறிந்தான். மட்டைக்காரன் அடித்தான். பந்து நேராக மேலே போய், நேராகக் கீழே இறங்கி, எதிராளியின் கையில் விழுந்தது. அவுட். இன்னிங்ஸ் முடிந்தது. கீர்ன்ஸ் வந்த வழியே நடந்து உள்ளே போனான்.

"அவ்ளோதானா?" என்றான் டெடி.

கைபேசி அதிர்ந்தது. "ரெண்டு மாசம் காத்துக்கெடந்தது இந்த ஒரு பந்துக்கா மாப்ள?"

"வச்சிடு மச்சான்."

ஐந்தாவது இன்னிங்ஸ் முடிந்தது. இடைவேளையில் கெளுத்தி வேஷம் போட்ட ஆள் ஒரு சின்னப் பெண்ணோடு ஓட்டப்பந்தயம் ஓடி, வழக்கம்போல மீசை ஆட ஆடத் தடுக்கி விழுந்து தோற்றான். எங்கள் குழுவும் தோற்றுக்கொண்டிருந்தது. வெயில் ஏறியது. எனக்கு முதுகு வலித்தது. கண்ணை மூடினால் அங்கேயே தூங்கிவிடுவேன் போலிருந்தது. இந்த ஆட்டம் முடிந்தால் போதும், கோராவின் காவல் முடியும், வீட்டுக்குப் போய்ப் படுக்கலாம் என்று மட்டும் நினைத்தேன்.

அப்போது படிகளில் ஒரு கிழவர் ஏறி வந்தார். கையில் தடி. முகம் வெயிலில் சிவந்து வீங்கியதுபோல இருந்தது. ஒவ்வொரு படியிலும் நின்றார். எங்கள் வரிசையில் நின்று, மெத்தையைப் பார்த்து, கோராவைத் தாண்டி என்னைக் கேட்டார்.

"அந்தப் பக்கம் வெயில் தாங்கல தம்பி. இதுல யாராவது இருக்காங்களா?"

கோரா என்னைப் பார்த்தாள். அவள் கை மெத்தையின் ஓரத்தைப் பிடித்திருந்தது.

"இருக்காங்க" என்றேன்.

"வந்துடுவாங்களா? வர்ற வரைக்கும் ஒரு அஞ்சு நிமிஷம்..."

"இருக்காங்க சார்."

"சரி சரி, பரவால்ல" என்று திரும்பினார். கைப்பிடியைப் பிடித்து ஒரு படி இறங்கினார். நின்றார். இன்னொரு படி.

டெடி எழுந்து நின்றான். "அம்மா சொன்னா."

"என்னடா?" என்றாள் கோரா.

"டிக்கெட்ட வீணாக்காதன்னு அம்மா சொன்னா. கார்ல. காலியா விட்டா பேயா வருவேன்னு அப்பாகிட்ட சொன்னா."

"பொய்யி. நீ தூங்கிட்டிருந்த."

"நான் தூங்கல. தூங்குற மாதிரி இருந்தேன். தூங்குனாத்தான் அப்பா தூக்கிட்டுப் போவாரு."

கோரா மெதுவாகத் திரும்பினாள். "அப்பா?"

"ஆமாம்மா."

"நிஜமாவா சொன்னா?"

"சொன்னா."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"நீ ஒண்ணு கேட்ட. அத உனக்குக் குடுக்கணும்னு தோணுச்சு."

அவள் கண்ணில் நீர் முட்டியது; கோபமா வேறென்னவா என்று தெரியவில்லை. கீழே கிழவர் இரண்டு படி இறங்கி, மூச்சு வாங்க, கைப்பிடியில் சாய்ந்து நின்றார். ஆட்டத்தில் யாரோ எதையோ பிடித்தார்கள், கூட்டம் கத்தியது. கோரா அதைப் பார்க்கவில்லை. அம்மாவின் இருக்கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெத்தையைத் தூக்கி மார்போடு வைத்துக்கொண்டாள். எழுந்தாள். ஒரு இருக்கை நகர்ந்து, அம்மாவின் இடத்தில் உட்கார்ந்தாள். மெத்தையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"யாரும் உக்காரக் கூடாதுன்னு சொன்ன?" என்றான் டெடி.

"நான் யாரோ இல்ல" என்றாள். பிறகு குனிந்து படிகளின் பக்கம் கூப்பிட்டாள். "சார். சார், இங்க. இந்த சீட்டு காலி. இது என்னோடது."

கிழவர் மறுபடி ஏறி வருவதற்குள் ஒரு ஆள் அவுட் ஆகிவிட்டான். கோரா எழுந்து வழிவிட்டாள். அவர் தடியை டெடியின் காலில் இடித்து, தண்ணீர்ப் புட்டியைத் தட்டிவிட்டு, என் பிள்ளைகளுக்கு நடுவே பெருமூச்சோடு விழுந்தார். பெயர் வால்ட் என்றார். மகள் கூட்டிவந்தாளாம், பேரப்பிள்ளைகளோடு புல்மேட்டில் இருக்கிறாளாம், அங்கே தரையில் உட்கார்ந்தால் தன்னை எழுப்பக் கிரேன் வேண்டுமாம். பிறகு பையிலிருந்து தொப்பியை எடுத்து மாட்டினார். இண்டியானாக்காரர்களின் தொப்பி.

டெடி வாயைப் பிளந்தான். "நீங்க அந்தப் பக்கமா?"

"பொறந்த ஊரு அதுதானேடா. உங்க கெளுத்திங்க என்னத்த ஆடுது? மீனத் தண்ணிக்கு வெளிய விட்டா இப்படித்தான் துள்ளும்."

கைபேசி அதிர்ந்தது. சிவப்புத் துண்டு ஆடவில்லை. மிக் எழுந்து நின்று, கையைப் புருவத்தில் வைத்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"யாரு மாப்ள அது? நடுவுல யாரு?"

"வால்ட்."

"எந்த வால்ட்?"

"தெரியாது. வெயில் தாங்கலன்னாரு."

"எனக்கு இல்லாத சீட்ட எவனோ ஒருத்தனுக்குத் தூக்கிக் குடுத்துட்டீங்களா?" அந்த முனையில் காற்றும் நாய் குரைப்பும் கேட்டன. பிறகு, வேறு குரலில், "ஓரத்துல உக்காந்திருக்கறது கோராவா?" என்றான்.

"ஆமா."

"தூரத்துலேர்ந்து..." என்று தொடங்கியவன் நிறுத்திக்கொண்டான். "சரி. ரொட்டி மிச்சம் இருக்கு. முடிஞ்சதும் கொண்டாரேன்."

அந்த ஆட்டம் நாலு மணிவாக்கில் முடிந்தது. தோற்றோம். கடைசி ஆள் பந்தை அடிக்காமலே அவுட் ஆனான். வால்ட் மட்டும் தடியைத் தரையில் தட்டினார். நான் கோராவைப் பார்த்தேன். அவளுக்கு ஏதாவது நடக்கும், அழுவாள், அல்லது எழுந்துவிடுவாள் என்று நினைத்தேன். ஒன்றும் நடக்கவில்லை. மெத்தையின் உறைக்குள் கையை விட்டு, ஜூன் மாதத்து ரொட்டித் துகள் ஒன்றை எடுத்துப் பார்த்தாள். திரும்ப உள்ளேயே போட்டாள்.

மிக் ரொட்டியோடு வந்து எங்களுக்குப் பின்னால் நின்றபடியே பிய்த்துக் கொடுத்தான். வால்டுக்கும் கொடுத்தான். "நல்லாருக்கு, ஆனா எங்கம்மா இன்னும் அக்ரூட் போடுவா" என்றார் வால்ட். "திரும்பக் குடுங்க அத" என்றான் மிக். காவலாள் வந்து, நடைபாதையை மறிக்காதீர்கள் என்று அவனைப் புல்லுக்கே அனுப்பினான்.

இரண்டாவது ஆட்டத்தின் மூன்றாவது இன்னிங்ஸில் மேற்கிலிருந்து மேகம் வந்தது. காற்று சில்லென்று திரும்பியது. ஆட்கள் அண்ணாந்து பார்த்தார்கள். தார்ப்பாய் இழுக்கும் பையன்கள் வந்து சுவரோரம் தயாராக நின்றார்கள். டெடி உள்ளங்கையை நீட்டினான். ஒரு துளி விழுந்தது. சத்தியமாக விழுந்தது, நானும் பார்த்தேன்.

"பெய்" என்றான் டெடி.

கோரா தலையை உயர்த்தினாள். உதடு அசைந்தது. எதிரே புல்மேட்டில் மிக் இரண்டு கைகளையும் வானத்துக்குத் தூக்கிக்கொண்டு பைத்தியக்காரனைப் போல நின்றான்.

"பெய்யாது" என்றார் வால்ட், கண்ணைத் திறக்காமல். "என் முட்டி வலிக்கல."

பெய்யவில்லை. மேகம் கால்வாயைத் தாண்டி நகரத்தின் பக்கம் போனது. நாலாவது இன்னிங்ஸ் முடிந்தது. ஐந்தாவதும் முடிந்தது. ஆட்டம் கணக்கில் சேர்ந்துவிட்டது. டெடி கையை மடக்கிக்கொண்டான். சுவரோரம் நின்ற பையன்கள் உள்ளே போனார்கள்.

வால்ட் குறட்டை விடத் தொடங்கியிருந்தார். கோரா அவரைத் தாண்டி என்னிடம் எட்டிப் பார்த்தாள்.

"வீட்டுக்குப் போலாமாப்பா? டயர்டா இருக்கு."

"எனக்குந்தான்."

"அம்மா ஒரு தடவையாவது பாதியில எந்திரிச்சிருக்காளா?"

"இல்ல."

அவள் மடியிலிருந்த மெத்தையை இருக்கையில் போட்டு, அதன்மேல் ஏறி உட்கார்ந்தாள். டெடி என் கையில் சாய்ந்து கண்ணை மூடினான். இந்தத் தடவை நிஜமாகவே தூங்குகிறானா என்று நான் பார்க்கவில்லை. எப்படியும் தூக்கிக்கொண்டுதான் போக வேண்டும்.